திருட்டுப் போனது உங்கள் விவரம்... உங்களுக்குச் சொன்னது யார்?

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் நிறைந்த பகுதி இது. மலையில் பல இடங்களில் டவர் கிடைக்காது. சாயங்காலம் ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வர வர, ஃபோன்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போடத் தொடங்கும்.

அப்படி ஒரு சாயங்காலம், ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு ஒரு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததுமே முழுப் பெயரைச் சொல்கிறது எதிர்க்குரல். வீட்டுக் கதவு எண், கணவர் பெயர், பாலிசி எண் எல்லாம் சரியாக வருகின்றன.

“போன வருஷம் மதுரையில கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணீங்கள்லம்மா? அந்த கிளைம்ல உங்களுக்கு இன்னும் பதினெட்டாயிரம் பாக்கி நிக்குது.”

“அது அப்பவே முடிஞ்சுபோச்சே சார்?”

“இல்லம்மா, ஆபீஸ்ல நிறுத்தி வச்சிருக்காங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள். இப்ப ஒரு நம்பர் வரும், அத மட்டும் சொல்லுங்க. பணம் ஏறிரும்.”

அந்தப் பெண் என்ன செய்வார்? முன்பின் தெரியாதவனிடம் ஓடிபி சொல்லக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். டிவியில் பார்த்திருக்கிறார், மகன் சொல்லியிருக்கிறான். ஆனால் இவன் முன்பின் தெரியாதவனாகப் பேசவில்லை. கூடப் பிறந்தவர்களுக்கே சொல்லாத ஆபரேஷனைத் தெரிந்து வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்கிறவன், அவர்களில் ஒருவனாகத்தானே இருக்க முடியும்?

இது ஒரு தனிப்பட்ட பெண்ணின் கதை அல்ல. மருத்துவக் காப்பீட்டு ஆவணங்கள் ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வெளியே போய்விட்டால், எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. ஆவணங்கள் அப்படி வெளியே போனதும் நடந்திருக்கிறது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்திலிருந்து.

கேட்டால் கொடுத்த ‘பாட்’

2024 செப்டம்பர் 20. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்டார் ஹெல்த் அண்ட் அலைடு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், டெலிகிராம் செயலியில் இயங்கும் ‘பாட்’கள் மூலம் யார் கேட்டாலும் கிடைக்கின்றன என்பதே செய்தி. பாட் என்பது தானாகப் பதில் சொல்லும் நிரல். அதைத் திறந்து கேட்டால், பாலிசி ஆவணமும் கிளைம் ஆவணமும் பிடிஎஃப் கோப்பாக வந்து விழுந்தன. ராய்ட்டர்ஸ் நிருபர்களே 1,500-க்கும் மேற்பட்ட கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். பெயர், ஃபோன் எண், முகவரி, அடையாள அட்டை நகல், ரத்தப் பரிசோதனை முடிவு, நோயின் பெயர் என எல்லாம் அதில் இருந்தன.

கேரளாவில் சிகிச்சை பெற்ற ஒரு வயதுப் பெண் குழந்தையின் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் அதில் ஒன்று. ராய்ட்டர்ஸ் அந்தக் குழந்தையின் தகப்பனாரைத் தேடிப் பிடித்து, காகிதம் உங்களுடையதுதானா என்று கேட்டது. ஆமாம் என்றார் அவர். கசிவைப் பற்றி நிறுவனம் எதுவும் தன்னிடம் சொல்லவில்லை என்றும் சொன்னார். தன் மகளின் மருத்துவக் குறிப்பு ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கிறது என்பதை ஒரு தகப்பன் பத்திரிகைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

‘சென்ஸென்’ என்ற பெயரில் ஒளிந்திருந்த ஹேக்கர், 3.1 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகவும் அதன் அளவு 7.24 டெராபைட் என்றும் சொல்லிக்கொண்டார். இது அவர் சொன்ன கணக்கு. ஆவணங்கள் உண்மையானவை என்பது சோதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

> தேதிவாரியாக
>
> ஆகஸ்ட் 6, 2024: டெலிகிராமில் பாட்கள் இயங்கத் தொடங்குகின்றன.
>
> ஆகஸ்ட் 13: அடையாளம் தெரியாத ஒருவர், தகவல்கள் தன்னிடம் இருப்பதாக நிறுவனத்தைத் தொடர்புகொள்கிறார். நிறுவனம் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவுக்கும், மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்புக்கும் தெரிவிக்கிறது.
>
> ஆகஸ்ட் 14: சில கிளைம் விவரங்கள் கசிந்ததாகச் சொல்லப்படுவது பற்றி விசாரிப்பதாகப் பங்குச் சந்தைக்கு அறிவிப்பு.
>
> செப்டம்பர் 20: ராய்ட்டர்ஸ் செய்தி. பரவலான பாதிப்பு இல்லை, முக்கிய விவரங்கள் பாதுகாப்பாக உள்ளன என்கிறது நிறுவனம்.
>
> செப்டம்பர் கடைசி வாரம்: டெலிகிராம், இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர், ஹேக்கர் ஆகியோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் நிறுவனம் வழக்கு. பாட்களையும் இணையதளங்களையும் முடக்க இடைக்கால உத்தரவு.
>
> அக்டோபர்: குறிவைத்து நடத்தப்பட்ட சைபர் தாக்குதலில் சில விவரங்கள் சட்டவிரோதமாக எடுக்கப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொள்கிறது. ஹேக்கர் 68,000 டாலர் கேட்டு மிரட்டியதும் வெளியே வருகிறது.

இந்தத் தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். காவல்துறைக்குச் சொல்லியாயிற்று. அரசு அமைப்புக்கும் பங்குச் சந்தைக்கும் சொல்லியாயிற்று. பிறகு நீதிமன்றத்துக்கும் போயாயிற்று. நிறுவனத்தின் மீது வழக்கு போடக்கூடியவர், அபராதம் விதிக்கக்கூடியவர், பங்கை விற்கக்கூடியவர் எல்லோருக்கும் வரிசையாகத் தகவல் போனது. விவரத்தைப் பறிகொடுத்தவர் அந்த வரிசையில் எங்கே நின்றார்?

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் குற்றவாளிகள் அல்லர், குற்றத்துக்கு ஆளானவர்கள். மிரட்டியவனுக்குப் பணம் கொடுக்காமல் போலீசுக்குப் போனது சரியான முடிவு. வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்துத் தடயவியல் விசாரணை நடத்தினார்கள். அதிகாரி ஒருவர் மீது ஹேக்கர் சுமத்திய குற்றச்சாட்டையும் விசாரித்து, அவர் தவறு செய்ததாகத் தெரியவில்லை என்றார்கள். பின்னாளில் நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்குத் துப்பாக்கித் தோட்டாக்களைப் பார்சலில் அனுப்பி மிரட்டியதாக அதே ஹேக்கர் சொல்லிக்கொண்ட செய்தியும் வந்தது. எதிரே நின்றவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அது போதும். இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. பிரீமியம் கட்டும் தேதி நெருங்கினால் விடாமல் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த ஒரு துறைக்கு, “உங்கள் விவரம் வெளியே போயிருக்கலாம், எங்கள் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நம்ப வேண்டாம்” என்று ஒரு வரி அனுப்புவதில் என்ன கஷ்டம்?

மாற்ற முடியாத விவரம்

வங்கி அட்டை எண் திருட்டுப் போனால் புது அட்டை வாங்கலாம். கடவுச்சொல் போனால் மாற்றலாம். ஃபோன் எண்ணைக்கூட மாற்றிவிடலாம். கர்ப்பப்பையை எடுத்ததை மாற்ற முடியுமா? காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டதை, மனநல மருத்துவரைப் பார்த்ததை, கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துக் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்ததை அழிக்க முடியுமா?

ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தெரிந்துவிடும். ஆனால் நோயை மறைப்பார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் தாய்க்குப் புற்றுநோய் என்றால் பேச்சு நின்றுபோகும். தோட்டத்தில் ஆள் எடுக்கும்போது இளைப்பு உள்ளவர் என்று தெரிந்தால் ஜீப்பில் இடம் கிடைக்காமல் போகலாம். தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போய்ச் சிகிச்சை எடுத்துவிட்டு, ‘சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்’ என்று சொல்லித் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். அந்த ரகசியம் அவர்களுடையது. அதை நம்பி ஒப்படைத்த காகிதம் வெளியே கிடப்பதற்குப் பெயர்தான் ‘சில விவரங்கள்’.

ஆஸ்திரேலியாவின் மெடிபேங்க் என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு 2022 அக்டோபரில் இதே நிலை வந்தது. இப்போதைய, பழைய வாடிக்கையாளர்கள் 97 லட்சம் பேரின் விவரங்கள் போயின. முதலில் அவர்களும் வாடிக்கையாளர் விவரம் எதுவும் போனதற்கு அடையாளம் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஒரு வாரத்தில் அதைத் திருத்திக்கொண்டார்கள். பணம் தர மாட்டோம் என்று அறிவித்ததும், ஹேக்கர்கள் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களின் விவரத்தைத் தனிக் கோப்பாகவே வெளியிட்டார்கள். இந்த வகைத் திருடர்கள் எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடிப்பவர்கள்.

மெடிபேங்க் அதன் பிறகு செய்ததைக் கவனிக்க வேண்டும். தலைமை நிர்வாகி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு நேரடியாகத் தகவல் போனது. மனநல ஆலோசனைக்குத் தனித் தொலைபேசி வைத்தார்கள். அந்த நாட்டு நாடாளுமன்றம் சில வாரங்களில் சட்டத்தைத் திருத்தி, பெரிய அத்துமீறலுக்கான அபராத வரம்பைச் சுமார் 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலரிலிருந்து குறைந்தது 5 கோடியாக உயர்த்தியது. நிறுவனத்தின் தவறும் பிறகு வெளிவந்தது. ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் திருட்டுப் போயிருக்கிறது. அந்தக் கடவுச்சொல் ஒன்றே உள்ளே நுழையப் போதுமானதாக இருந்திருக்கிறது, ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு இல்லை. தனியுரிமை ஆணையர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்.

எப்படித்தான் போகிறது?

சினிமாவில் வருவதுபோல் இருட்டறையில் பச்சை எழுத்துகள் ஓடுவதில்லை. பெரும்பாலான திருட்டுகள் அலட்சியத்தின் வழியாகத்தான் நடக்கின்றன.

உங்கள் பாலிசியை இணையத்தில் திறக்கிறீர்கள். முகவரிப் பட்டியில் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அடுத்தவர் பாலிசி திறக்கிறது. லாட்ஜில் உங்கள் அறைச் சாவி எல்லா அறைகளையும் திறந்தால் எப்படியோ அப்படி. உள்ளே வந்தவர் யார் என்று கேட்கும் தளம், வந்தவர் எதைப் பார்க்க உரிமை உள்ளவர் என்று கேட்க மறந்துவிட்டது. இந்த ஒரு ஓட்டை கிடைத்தால், ஒரு சின்ன நிரலை எழுதி இரவோடு இரவாக லட்சக்கணக்கான கோப்புகளை இறக்கிவிடலாம்.

இன்னொரு வழி, ஊழியரின் பழைய கடவுச்சொல். சொமாட்டோவில் 2017 மே மாதம் 1.7 கோடிப் பேரின் கணக்கு விவரம் போனது. காரணம் என்ன தெரியுமா? அந்த நிறுவனத்தின் நிரலாளர் ஒருவர் வேறொரு இணையதளத்தில் பயன்படுத்திய அதே கடவுச்சொல்லை அலுவலகக் கணக்குக்கும் வைத்திருந்தார். அந்த வேறு தளத்தின் கடவுச்சொற்கள் 2015-லேயே கசிந்திருந்தன. இது நமக்குத் தெரிவதே சொமாட்டோ எழுதி வெளியிட்டதால்தான். செய்தி வந்த நாளிலேயே ஒப்புக்கொண்டு, எது போனது, எது போகவில்லை என்று சொல்லி, பாதிக்கப்பட்ட கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றவைத்து, பிறகு ஓட்டையையும் விளக்கினார்கள். அந்த நிறுவனம் அதனால் அழிந்துபோய்விடவில்லை.

உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயம்தான் நிறுவனங்களின் வாயைக் கட்டுகிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் குறைவு, விலை அதிகம். அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் 2017 ஜூலையில் கண்டுபிடித்ததை செப்டம்பரில்தான் சொன்னது. 14.7 கோடிப் பேரின் விவரம் போயிருந்தது. ஓட்டையை அடைக்கும் மென்பொருள் மார்ச் மாதமே வந்திருந்தும் போடாமல் விட்டிருந்தார்கள். கடைசியில் 70 கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டிவந்தது. ஊபர், 2016-ல் நடந்ததை ஹேக்கர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து ஒரு வருஷம் மூடி வைத்தது. அதன் பாதுகாப்புத் தலைவர் 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர் மாட்டியது மறைத்ததற்காக.

முதல் வார்த்தை ‘இல்லை’

நம் நாட்டில் இதற்கென்று ஒரு பழக்கமே உருவாகியிருக்கிறது. முதல் நாள் ‘இல்லை’, பிறகு ‘விசாரிக்கிறோம்’, கடைசியில் ‘சில விவரங்கள்’.

2021 மார்ச்சில் மொபிக்விக் என்ற பணப் பரிவர்த்தனைச் செயலியின் வாடிக்கையாளர் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதாகப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் சொன்னார். பலர் தங்கள் எண்ணைத் தேடிப் பார்த்து, தங்கள் விவரம் இருப்பதைக் கண்டார்கள். நிறுவனம் மறுத்தது. கசிவைச் சுட்டிக்காட்டிய ஆய்வாளர் மீதே சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றது. ரிசர்வ் வங்கி தலையிட்டுத் தடயவியல் தணிக்கை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. நெருப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தவரை மிரட்டினால், அடுத்த முறை யார் குரல் கொடுப்பார்கள்?

அதே ஆண்டு ஏர் இந்தியா பயணிகள் 45 லட்சம் பேரின் விவரம், ‘சீட்டா’ என்ற தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து போனது. நடந்தது பிப்ரவரியில், பயணிகளுக்கு முழு விவரம் வந்தது மே மாதத்தில். டோமினோஸ் பீட்சாவின் 18 கோடி ஆர்டர்கள் தேடிப் பார்க்கும் வசதியோடே இணையத்தில் ஏறின. ஒரு ஃபோன் எண்ணைப் போட்டால், அவர் எந்த வீட்டு வாசலில் பீட்சா வாங்கினார் என்பது வந்தது. பணம் தொடர்பான விவரம் எதுவும் போகவில்லை என்றது நிறுவனம். ஒருவரைப் பின்தொடர்கிறவனுக்கு வேண்டியது அட்டை எண் அல்ல, வீட்டு முகவரி.

> தமிழ்நாட்டைத் தொட்ட சம்பவங்கள்
>
> 2016: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் அமைப்பில் தீநிரல். நாடு முழுவதும் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்தில். செய்தி அக்டோபரில் வந்தது. நிறுவனம் ஒப்புக்கொண்டது 2017 பிப்ரவரியில்.
>
> 2018 பிப்ரவரி: கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியிலிருந்து, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பப் பயன்படும் ‘ஸ்விஃப்ட்’ வழியாகச் சுமார் 20 லட்சம் டாலர் துபாய், துருக்கி, சீனாவுக்கு அனுப்பப்பட்டது.
>
> 2019: கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகக் கணினியில் ‘டி-டிராக்’ தீநிரல். அக்டோபர் 29-ல் மறுப்பு, 30-ல் ஒப்புதல். செர்ட்-இன் எச்சரித்தது செப்டம்பர் 4-ல்.
>
> 2021: பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் வெளியே வந்ததாக ‘டெக்னிசாங்க்ட்’ நிறுவனம் தகவல்.
>
> 2024 மே: தமிழ்நாடு காவல்துறையின் முகமறியும் மென்பொருள் தளத்தில் ஊடுருவல். காவல்துறை ஒப்புக்கொண்டது.

இதில் சிட்டி யூனியன் வங்கியின் கதை தனித்து நிற்கிறது. உள்ளே புகுந்தவர்கள் பரிவர்த்தனை ஒப்புதல்களை அச்சடிக்கும் பிரிண்டரையே செயலிழக்க வைத்திருந்தார்கள். காலையில் கணக்குச் சரிபார்த்தபோது மூன்று பரிவர்த்தனைகள் வங்கி அனுப்பாதவை என்று தெரிந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டுத் திரும்பியது. பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் எந்த வங்கி வழியாக, எந்த நாட்டுக்கு, எவ்வளவு போனது என்று வங்கியே பொதுவெளியில் சொன்னது. பாராட்ட வேண்டிய வெளிப்படைத்தன்மை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: போனது வங்கியின் சொந்தப் பணம். தன் பணம் போனால் ரூபாய் பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்ல முடிகிற தொழில் உலகத்துக்கு, வாடிக்கையாளரின் விவரம் போனால் மட்டும் எண்ணிக்கை வாயில் வருவதில்லை.

பழி யார் தலையில்?

மறுபடி அந்த ஜீப் இறங்கும் இடத்துக்கு வருவோம். அந்தப் பெண் ஓடிபியைச் சொல்லிவிட்டார். மூன்று நிமிடத்தில் கணக்கில் இருந்தது போய்விட்டது. மறுநாள் ஒரு கூலியை விட்டுவிட்டு போடிக்கு வங்கிக்குப் போகிறார். அங்கே அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “நீங்க ஏம்மா நம்பரைச் சொன்னீங்க?”

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை தெளிவாகவே இருக்கிறது. தவறு வங்கியுடையதாக இருந்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத வேறொரு இடத்தில் ஓட்டை என்றால், வங்கி தகவல் கொடுத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். ஆனால் ஓடிபியை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால் அது அவருடைய அலட்சியம். வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் அவர் தலையில்.

அவர் ஏன் நம்பினார் என்று யாரும் கேட்பதில்லை. அவரை நம்பவைத்த விவரம் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. விவரத்தைக் கசியவிட்ட நிறுவனம் அந்த அறையிலேயே இல்லை. ஏமாற்றியவன் வேறு மாநிலத்தில், கசியவிட்டவர் கண்ணாடிக் கட்டடத்தில், கவுண்டரில் தலைகுனிந்து நிற்பது பறிகொடுத்தவர். நிறுவனம் முன்கூட்டியே ஒரு வரி எச்சரிக்கை அனுப்பியிருந்தால், “எனக்கு இவங்க மெசேஜ் அனுப்புனாங்க, பாருங்க” என்று காட்டுவதற்காவது அவர் கையில் ஒன்று இருந்திருக்கும். எச்சரிக்கை வந்திருந்தால் அழைப்பையே துண்டித்திருப்பார் என்பது அதைவிடப் பெரியது.

சட்டத்தின் கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவர், போலி மின்னஞ்சல் மோசடியில் இழந்த பணத்துக்கு இந்த வழியில்தான் போராடினார். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதது வங்கியின் குறை என்று கூறி, 12.85 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார் அன்றைய செயலாளர். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. சென்னைக்கு வக்கீல் வைத்து வழக்கு நடத்தும் வசதி உள்ளவருக்கு இது வழி. தினக்கூலிக்காரருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

புதுச் சட்டத்தில் விடுபட்டவர்

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு, 2025 நவம்பரில்தான் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம். அதாவது முக்கியமான கடமைகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும்.

> சட்டம் சொல்லும் கணக்கு
>
> செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க: 6 மணி நேரம் (2022 ஏப்ரல் 28 உத்தரவு).
>
> தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விரிவான அறிக்கை: 72 மணி நேரம்.
>
> பாதிக்கப்பட்டவருக்கு: ‘தாமதமின்றி’.
>
> போதிய பாதுகாப்பு இல்லாததற்கு அபராதம்: 250 கோடி ரூபாய் வரை.
>
> வாரியத்துக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ சொல்லாமல் விட்டால்: 200 கோடி ரூபாய் வரை.

முதன்முறையாகப் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை சட்டத்தில் ஏறியிருக்கிறது. என்ன போனது, என்ன விளைவு வரலாம், அவர் என்ன செய்ய வேண்டும் என்று எளிமையாகச் சொல்ல வேண்டும் என்கிறது விதி. இது பெரிய முன்னேற்றம். சந்தேகமில்லை.

ஆனால் இரண்டு இடங்களில் என் மனம் ஒப்பவில்லை. அபராதம் எவ்வளவு விதித்தாலும் அது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பறிகொடுத்தவருக்கு அதில் பங்கு இல்லை. அதோடு, இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், புதுச் சட்டம் முழுமையாக அமலாகும்போது நீக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இதுவரை இருந்த ஒரு சின்னக் கதவும் சாத்தப்படுகிறது.

இரண்டாவது, மொழி. விவரத்தை வாங்கும்போது காட்டும் ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது சட்டம். அந்த விவரம் திருட்டுப் போன செய்தியை எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று விதி வெளிப்படையாகச் சொல்லவில்லை. பயனர் கணக்கின் வழியாகச் சொன்னாலும் போதும் என்கிறது. ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போட்ட பாலிசி. அந்தப் பயனர் கணக்கை இதுவரை ஒருமுறைகூடத் திறக்காதவருக்கு, அதற்குள் ஆங்கிலத்தில் கிடக்கும் செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

ஸ்டார் ஹெல்த் விஷயத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, சைபர் பாதுகாப்பு நெறிமுறைகளை மீறியதற்காக 2025 ஜூலையில் 3.39 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஹேக்கர் சொன்ன 3.1 கோடி என்ற எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் சொச்சம். அந்த ஒரு ரூபாயும் வாடிக்கையாளருக்கு வருவதில்லை.

> உங்கள் விவரம் போயிருக்கலாம் என்று சந்தேகமா?
>
> பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். அதே நாளில் வங்கியிலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.
>
> கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் கணக்கு இருந்தால், எம்-ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். ரேஷன் கடைக்குப் போகும்போது திறந்துகொள்ள வேண்டும்.
>
> காப்பீட்டு நிறுவனம், வங்கி என்று சொல்லி யார் அழைத்தாலும் துண்டித்துவிட்டு, பாலிசி ஆவணத்திலோ பாஸ் புத்தகத்திலோ அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். உங்கள் நோயின் பெயரைச் சரியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கேட்க வேண்டியது

போடியில் இன்று ஏலக்காய் ஏலமே கணினித் திரையில்தான் நடக்கிறது. ரேஷனுக்குக் கைரேகை, கேஸ் மானியத்துக்கு ஆதார், குழுக் கடனுக்குப் புகைப்படம், பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு. கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை ராசிங்காபுரத்துக்காரருக்கு நடைமுறையில் இல்லை. கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற ஒரே தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்த தாக்குதலால், நாட்டில் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிவர்த்தனை சேவை தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. கூட்டுறவு வங்கியையும் கிராம வங்கியையும் நம்பியிருப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நிறுவனங்களிடம் கேட்பது பெரிய காரியம் அல்ல. திருட்டே நடக்கக் கூடாது என்று யாரும் சத்தியம் கேட்கவில்லை. நடந்துவிட்டால், வாரியத்துக்குக் கொடுக்கும் அதே 72 மணி நேரத்துக்குள், பதிவு செய்த ஃபோன் எண்ணுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பதிவு செய்த குரலில் ஒரு அழைப்பு. தமிழில் பேசும் ஒரு உதவி எண். பிரீமியத்தை நினைவூட்ட ஏற்கெனவே இருக்கும் அதே வசதியில் இதைச் செய்யலாம். அரசிடம் கேட்பதும் இரண்டுதான்: 2027 மே மாதத்துக்குள் விதியில் மொழியைச் சேர்க்க வேண்டும், அபராதத்தில் ஒரு பங்கை ஏமாந்தவருக்கு ஒதுக்க வேண்டும்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள்: என் விவரம் எப்போதாவது வெளியே போயிருக்கிறதா, போயிருந்தால் எது, எப்போது? பதில் வராவிட்டால் ஐஆர்டிஏஐ-யின் புகார் எண் 155255.